கடைமடைக்கு வந்த ஒப்பந்தம்: ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஓராண்டுச் சேவை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒப்பந்தம் என்பது அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல். 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதை எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத விவசாயியும் சொல்வார். சொன்ன கையோடு, மூலத்தறையில் மதகைத் திறந்துவிட்டார்களா, கடைமடை வரைக்கும் தண்ணீர் ஏறியதா என்று கேட்பார். கையெழுத்தான தாள் ஒன்று, வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வேறொன்று என்பதை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிற ஊர் எங்களுடையது. அதனால்தான், 2024 ஜூன் மாதம் நான் வழக்கமாகப் போய்வரும் பல்கலைக்கழக நூலகத்தின் தற்காலிகப் பணியாளர்கள் தங்கள் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, மகிழ்ச்சி அடைந்தாலும் உடனே எதையும் எழுதவில்லை. ஓராண்டு முழுவதும் போய்வந்து, வாசகனின் மேசைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நூலகத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. கீழே சில குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதுதான் வேர் பிடித்துவரும் ஓர் ஏற்பாட்டில், குறைகளைப் பெயரோடு எழுதினால் அதன் சுமை அங்கே வேலை செய்பவர்களின் தலையில்தான் விழும். கொழிஞ்சாம்பாறையில் காலையில் பேருந்து ஏறினால் நூலகம் திறக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதையும், தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் நூல்களைப் பெரிய அளவில் வைத்திருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று என்பதையும் சொன்னால் இப்பகுதி வாசகர்களுக்குப் போதும். நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன். சித்தூர்ப் புழையின் பாசன வரலாற்றுக்கான ஆவணங்களைத் திரட்டி வருகிறேன். முன்பணம் கட்டிச் சேர்ந்த வெளி உறுப்பினர் என்ற முறையில் ஒன்பது ஆண்டுகளாக அந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறேன்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உயரமான கூரை, அகலமான சன்னல்கள், கணவாய்க் காற்று நேராக வந்து வீசும் வாசிப்புக் கூடம், எழுபது எண்பது பேர் உட்காரப் போதுமான மேசைகள். மழைக்காலத்தில் மேல்தளத்தின் வடக்குச் சுவர் ஓதம் கட்டும். தமிழ்ப் பிரிவு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. இது ஒப்பந்தத்துக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

மாறியது நூல் கிடைக்கும் விதம். அதை விளங்கவைக்கப் பழைய நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண், மலையாள இலக்கியத்துக்கு 894.812. கடைசி இலக்கம் ஒன்றுதான் வேறுபாடு. முதுகுச் சீட்டில் அந்த இலக்கம் மங்கியிருந்தாலோ, சீட்டே பாதி உரிந்திருந்தாலோ, திரும்பி வந்த நூலை அடுக்குபவர் அட்டையைத் திறந்து தலைப்பைப் படித்துப் பார்த்தாலொழியத் தமிழ் நூல் மலையாள அடுக்குக்குப் போய்விடும். அடுக்கு மாறிய நூல், தொலைந்த நூலுக்குச் சமம். கணினியில் தேடினால் 'இருப்பில் உள்ளது' என்று காட்டும். அடுக்கில் அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். கேட்டால், 'யாராவது மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள், மாஷே' என்று பதில் வரும். சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையின் பழைய பாசன அறிக்கைத் தொகுதி ஒன்றுக்காக நான் 2022-இல் மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்று முறையும் முகப்பு மேசையில் இருந்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். மூவருமே மரியாதையோடு பேசினார்கள், தேடவும் செய்தார்கள். ஆனால் அந்த அடுக்குகளில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மூவரில் ஒருவருக்கும் அங்கே நாள் கிடைத்திருக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஓர் எண் விடை சொல்லும்: 179. கேரளத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியாக எடுக்கப்படும் தற்காலிகப் பணியாளர்களுக்கு 179 நாள் என்பது எல்லோரும் அறிந்த கெடு. கெடு முடிந்ததும் பணியாளர் வெளியே போவார். புதிய உத்தரவு வரும்வரை அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும். பிறகு அவரே திரும்ப வருவார், அல்லது வேறொருவர் வருவார். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை செய்தவரைத் தொடர்ச்சியாக ஓராண்டு பணியாற்றியவராகக் கருதியது. அப்படிப்பட்டவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் கொடுக்க வேண்டும் என்றது. 179-இல் எண்ணிக்கையை அறுத்து, இடைவெளி விட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் ஏற்பாட்டில் அந்த 240 எளிதில் கைக்கு எட்டாது. எட்டினாலும், குறித்த காலம் முடிந்து நீட்டிக்கப்படாத வேலையை ஆட்குறைப்பாகக் கொள்ள வேண்டியதில்லை என்று 1984-இல் சேர்க்கப்பட்ட விதிவிலக்கு ஒன்று அதில் இருந்தது. இதெல்லாம் பணியாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடைப்பட்ட விவகாரம், வாசகனுக்கு இதில் என்ன என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அந்த இடைவெளியில் என் மூன்று பயணங்களும் வீணாகிக்கொண்டிருந்தன என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நூலகப் பணியாளர் சங்கம் வைக்கலாமா, பல்கலைக்கழகம் என்ன தொழிற்சாலையா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் பயணம் செய்யும் பேருந்திலேயே இந்த விவாதம் நடந்திருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல எங்கள் மாவட்டத்திலேயே ஒரு விடை உண்டு. 1963-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், கற்பித்தலே பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பணி என்பதால் அது தொழில் தகராறுகள் சட்டத்தின் 'தொழில்' என்ற வரையறைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த நிலைப்பாட்டை மாற்றியது, பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1978 பிப்ரவரி 21 அன்று வழங்கிய தீர்ப்பு. அதன் முதன்மை உரையை எழுதியவர் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். முறையாக அமைந்த செயல்பாடு, முதலாளியும் பணியாளரும் கூடி உழைக்கும் உறவு, மக்களின் தேவையை நிறைவேற்றும் பொருளோ சேவையோ ஆகியவை இருந்தால் லாப நோக்கம் இல்லாவிட்டாலும் அது தொழில்தான் என்று அத்தீர்ப்பு வகுத்தது. கல்வி நிறுவனங்களும் அதற்குள் வந்தன. 1988-இல் மற்றொரு வழக்கில் ஆசிரியர்கள் அச்சட்டத்தின் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று முடிவாயிற்று. ஆக, ஒரே வளாகத்தில் என்னைப் போல் கரும்பலகை முன் நின்றவருக்கு இல்லாத ஒரு வழி, நூலை எடுத்துக் கொடுப்பவருக்கும் ஒட்டுபவருக்கும் அடுக்குபவருக்கும் இருந்தது. அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

சங்கம் பதிவுசெய்ய, அப்போது நடப்பில் இருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் தேவைப்பட்டார்கள். அந்த ஏழு பேர் சேர்வதற்கே ஒரு கோடை முழுவதும் ஆயிற்று என்று அவர்களில் ஒருவர் பின்னர் என்னிடம் சொன்னார். அடுத்த 179 வருமா வராதா என்ற நிலையில் இருப்பவர் கையெழுத்துப் போடத் தயங்குவது இயல்பு. அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகங்களின் நூலகப் பணியாளர்கள் 1935-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்று, அதன் பிறகு நிர்வாகத்தோடு மேசையில் அமர்ந்து முதல் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிறார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆவதும் உண்டு. இங்கே கோரிக்கை மனு, பதில் வராத மாதங்கள், வேலைநிறுத்த அறிவிப்பு, மாவட்டத் தொழிலாளர் அலுவலர் முன் சமரசப் பேச்சு என்று வேறு தடத்தில் போனது. இடையில் சில நாட்கள் நூலகம் மூடிக் கிடந்தது. தெரியாமல் போய் இறங்கிய நான், வாசலில் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து எரிச்சலோடு திரும்பினேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அவர்களில் ஒரு பெண் எழுந்து வந்து, 'சார், இன்னிக்கு உங்களுக்கு அலைச்சலாப் போச்சுங்க, மன்னிச்சுக்குங்க' என்றார். அவருக்கு நான் பதில் சொல்லாமல் வந்தேன். அது இன்றுவரை மனத்தில் இருக்கிறது.

சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தானதில் ஒரு பெரும் பயன் உண்டு. அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 18(1) பிரிவின்படி இரு தரப்பும் தாங்களாகவே செய்துகொள்ளும் உடன்பாடு கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தியது; சமரச நடவடிக்கையின் போக்கில் 12(3) பிரிவின்கீழ் ஏற்படும் உடன்பாடோ 18(3) பிரிவின்படி அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், சங்கத்தில் சேராதவரையும், நாளை வேலைக்கு வரப்போகிறவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. குறித்த காலம் முடிந்தாலும், ஒரு தரப்பு எழுத்தில் அறிவித்து இரண்டு மாதம் கழியும்வரை அது செல்லும் என்று அச்சட்டம் சொன்னது. பந்தலின் பக்கம் எட்டிப் பார்க்காத இருவர் இன்று அதே ஊதிய நாளில் அதே ஊதியம் வாங்குகிறார்கள். சங்கத்தார் அதைப் பற்றி மனக்கசப்போடு பேசி நான் கேட்டதில்லை.

ஒப்பந்தத்தில் அவர்கள் நிரந்தர வேலை கேட்கவில்லை. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகு, முறையான தேர்வின் வழியாக வராத தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கோருவது கடினம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் கேட்டுப் பெற்றது வேறு: ஒரு கெடு முடிவதற்கு முன்பே அடுத்த உத்தரவு கையில் கிடைக்க வேண்டும்; முன்பு வேலை பார்த்தவருக்கே முதலிடம் தர வேண்டும்; மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் ஊதியம் வர வேண்டும்; வார விடுமுறைக்கு ஊதியம் பிடிக்கக் கூடாது; நீக்குவதானால் முப்பது நாள் முன்பே காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்; பழைய நூல்களைத் துடைப்பவருக்கு முகக்கவசமும் கையுறையும் வேண்டும்; முகப்பு மேசையில் நாற்காலி வேண்டும். ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டு. ஊதிய உயர்வும் உண்டு, ஆனால் அது சிறியது. அதைப் பெரிதாகச் சொல்ல அவர்களே விரும்பவில்லை.

நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் கடைப் பணியாளர்கள் வேலை நேரத்தில் உட்காரும் உரிமையை 2018-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் பெற்றார்கள். கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்களின் நீண்ட போராட்டம் அதன் பின்னால் இருந்தது. தமிழ்நாட்டிலும் 2021-இல் அப்படியொரு திருத்தம் வந்தது. நூலகத்தின் முகப்பு மேசை உயரமானது; அதற்கேற்ற உயரத்தில் நாற்காலி இல்லாததால் நூல் வழங்குபவர்கள் காலை முதல் மாலைவரை நின்றுகொண்டே இருந்தார்கள். இப்போது சுழலும் உயர நாற்காலிகள் இரண்டு வந்திருக்கின்றன. பிற்பகலில் போனால் முன்பு பதில்கள் ஒற்றைச் சொல்லில் வரும். இப்போது அதே ஆட்கள், 'அந்த வருஷத்துத் தொகுதி இல்லைன்னா அடுத்த வருஷத்ததுல பின்னிணைப்பாப் போட்டிருப்பாங்க, பாத்தீங்களா?' என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இனி, தண்ணீர் கடைமடைக்கு ஏறிய நாளைச் சொல்கிறேன். கடந்த அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பந்தலிலிருந்து எழுந்து வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்ட அதே பெண்தான் தமிழ்ப் பிரிவில் இருந்தார். வேலந்தாவளத்துப் பக்கம், தமிழ் வழியில் படித்தவர், நூலக அறிவியலில் பட்டம் பெற்றவர், ஆறு ஆண்டுகளாக 179, 179 என்று அறுத்து அறுத்து அங்கே வேலை பார்த்தவர். முன்பு ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும், தான் ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுப் போன அடுக்குகள் கலைந்து கிடப்பதைப் பார்த்து முதலிலிருந்து தொடங்குவாராம். அடுத்த முறை வருவோமா என்று தெரியாததால் பெரிய வேலை எதிலும் கைவைக்க மாட்டாராம். 'பாதியில விட்டுட்டுப் போனா, இருந்ததும் போயிருமுங்க சார்' என்றார். இந்த முறை ஜூலையிலிருந்து ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். மலையாள இலக்கிய அடுக்குகளின் ஒரு முனையில் நின்று, ஒவ்வொரு நூலையும் வெளியே எடுத்து, முதுகுச் சீட்டை நம்பாமல் தலைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்து, தமிழ் நூலாக இருந்தால் தள்ளுவண்டியில் வைப்பது. ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குத் தட்டுகள், அதற்கு மேல் இல்லை.

நான் போனபோது தள்ளுவண்டி பாதி நிறைந்திருந்தது. அவர் கையுறையைக் கழற்றாமல் ஒரு நூலைப் பிரித்துக் காட்டினார். இராமபாணப் பூச்சி அட்டையின் உட்புறத்துப் பசையைத் தின்றுவிட்டு, தாளில் ஊசி குத்தியது போன்ற துளைகளைப் போட்டுக்கொண்டே நூறு பக்கம் போயிருந்தது. துளைகள் எழுத்துகளின் மேல் விழாமல் ஓரத்திலேயே போயிருந்ததை அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பழைய சீட்டின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலால் 894.811 என்று எழுதி, கடைசி 1-ஐ மட்டும் இரண்டு முறை அழுத்தினார். பிறகு, 'உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேனுங்க' என்று மேசையின் கீழ்த் தட்டிலிருந்து தடித்த தொகுதி ஒன்றை எடுத்தார். நான் 2022-இல் மூன்று முறை தேடிய பாசன அறிக்கை. அது மலையாளப் பயண நூல்களுக்கு நடுவில் படுத்த நிலையில் கிடந்ததாம். நான் கேட்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்றேன். என் கோரிக்கைச் சீட்டுகள் மூன்றும் 'கிடைக்கவில்லை' என்ற முத்திரையோடு ஒரு கம்பியில் குத்தியிருந்தனவாம். தூக்கி எறியாமல் அவற்றைப் படித்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். என்னுடையவை மட்டுமல்ல, பலருடையவையும் அந்த நோட்டில் இருந்தன.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இரண்டாவதும் மூன்றாவதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பவை. நூலக அறிவியல் மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை என் கையில் அந்தத் தொகுதி வந்து உட்கார்ந்தபோது, இந்த மூன்று விதிகளும் அடுத்த மாதமும் இங்கேதான் இருப்போம் என்று தெரிந்த ஒரு பணியாளர் இல்லாமல் நடக்காது என்பதை நான் முதன்முறையாக உணர்ந்தேன். என் மதிப்பீட்டின் மையம் இதுதான். மற்றவை இதற்குப் பிறகே.

மற்ற சேவைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி அட்டவணை கோஹா மென்பொருளில் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தில் பதிவுசெய்ய வசதி இருந்தும், பெரும்பாலான தமிழ் நூல்கள் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்று அடித்திருப்பார், இன்னொருவர் எல் என்று அடித்திருப்பார். 'புழை' என்று தேடுபவர் மூன்று வகையாக அடித்துப் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யத் தனியாக ஆள் வேண்டும், ஒப்பந்தத்தால் மட்டும் தீராது. நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று. தேர்வுக் காலத்தில் மாணவர் வரிசை நீளமாக இருக்கும். குடிநீர் நன்று. சனிக்கிழமை பிற்பகலில் முன்பு அறிவிப்பில்லாமல் மூடிவிடுவார்கள். இப்போது முறைவைத்து ஆள் இருப்பதால் அறிவித்த நேரம்வரை திறந்திருக்கிறது. வெளி உறுப்பினருக்கான முன்பணம் என்னைப் போன்ற ஓய்வூதியருக்குத் தாங்கும், ஆனால் கல்லூரிப் படிப்பு முடித்து வேலை தேடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கனமானதுதான்.

ஒன்றைச் சுருக்க எனக்கு மனமில்லை. கழிப்பறைகளைக் கழுவுபவர்களும் வாசலில் பைகளை வாங்கி வைக்கும் காவலர்களும் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் நூலகத்தின் நேரடிப் பணியாளர்கள் அல்லர். ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆட்கள் என்ற கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து, கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாகக் காலை முதல் பேருந்தில் வரும் தமிழ்ப் பெண்கள். எல்லா வாசகர்களுக்கும் முன்பே வந்து, கூடத்தைப் பெருக்கி, மேசைகளைத் துடைத்துவிட்டுப் போகிறவர்கள். மேல்தளக் கழிப்பறை ஒன்று மார்ச் மாதம் முழுவதும் பூட்டிக் கிடந்ததற்குக் காரணம், இருவர் செய்த வேலையை ஒருவர் தலையில் கட்டியதுதான். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தோட்டத் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸும் கூலி உயர்வும் கேட்டுத் தாங்களே திரண்டு, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்ததையும், அந்த ஆண்டு நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய்க்கு உயர்ந்ததையும் இங்கே கூட்டுகிற ஓர் அக்கா எனக்கு நினைவூட்டினார். அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் மூணாறு. சங்கத்தாரிடம் இதைக் கேட்டேன். அடுத்த கோரிக்கை மனுவில் இவர்களையும் சேர்க்கப் பேசி வருவதாகச் சொன்னார்கள். பேச்சு நடக்கிறது என்பது எனக்குப் போதவில்லை. அவர்கள் சேரும் நாள்வரை இந்த நூலகத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்க எனக்கு மனம் வராது.

ஊதியம் ஐந்தாம் தேதிக்குள் என்ற விதி இந்த ஓராண்டில் இரண்டு முறை தவறியிருக்கிறது. இரண்டு முறையும் சங்கம் எழுத்தில் கேட்டது, எழுத்தில் விளக்கம் வந்தது, பணமும் வந்தது. முன்பெல்லாம் யாரிடம் கேட்பது என்றே தெரியாது என்றார் முகப்பு மேசை இளைஞர்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. 2023-இல் கேட்டிருந்தால் இரண்டு சொல்லியிருப்பேன். பாசனம், நிலவரி, பழைய சென்னை மாகாணத்து மலபார் மாவட்ட ஆவணங்கள், எல்லைப் பகுதித் தமிழ்ப் பள்ளிகளின் வரலாறு ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் தயங்காமல் போகலாம். ஆதார் நகலும், பணிபுரியும் அல்லது படித்த நிறுவனத்தின் கடிதமும் எடுத்துப் போக வேண்டும். காலையில் திறந்த உடனே போவது நல்லது. பதினொரு மணிக்கு மேல் மேல்தளத்தில் சன்னலோர மேசை கிடைக்காது. தேடும் நூல் அடுக்கில் இல்லை என்றால் திரும்பிவிடாமல் கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், சீட்டில் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள்.

எனக்கு வேண்டிய பாசன அறிக்கையின் அடுத்த தொகுதி இன்னும் கிடைக்கவில்லை. மலையாள அடுக்குகளில் பல தட்டுகளை அவர் பார்த்து முடித்துவிட்டார். இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதாம். போன வாரம் நான் கிளம்பும்போது, 'மழை விட்டதும் வடக்குச் சுவர் ஓரத்தைப் பாக்கப் போறேனுங்க சார், அங்க இருந்தாலும் இருக்கும்' என்று சொல்லி, நோட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தார்.